காணாத ஒட்டகத்தைக் கண்டுகொண்டவர்கள்

‘செரன்டிபிட்டி’ என்ற சொல்லைத் தமிழில் பெயர்க்க வேண்டி வந்தால் பெரும்பாலோர் ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் அக்கறை உள்ளவர்கள் ‘எதிர்பாராத அதிர்ஷ்டம்’ என்கிறார்கள். எதிர்பார்த்தபடியே வந்து சேரும் அதிர்ஷ்டம் எந்த ஊரில் கிடைக்கிறது என்று கேட்கத் தோன்றும். இன்னும் மெனக்கெடுகிறவர்கள் ‘தற்செயல் நற்பேறு’ என்று ஒரு கூட்டுச்சொல் செய்கிறார்கள். மூன்றும் அகராதிக்குப் பொருந்துவதுபோல்தான் தோன்றும். ஆனால் அந்த ஆங்கிலச் சொல் எதற்காகப் பிறந்ததோ அதை மட்டும் மூன்றுமே விட்டுவிடுகின்றன. விடுவதோடு நின்றால் பரவாயில்லை. ‘அதிர்ஷ்டம்’ என்று போடும்போது நேர் எதிரான பொருளே உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதுதான் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அதிர்ஷ்டம் என்பது வடமொழி ‘அத்ருஷ்டம்’. த்ருஷ்டம் என்றால் காணப்பட்டது. முன்னால் ஓர் அகரம் சேர்ந்ததும் காணப்படாதது என்றாகிவிடுகிறது. ‘கண் திருஷ்டி’ என்கிறோமே, அதிலும் இதே வேர்தான். பழைய இந்தியத் தத்துவ நூல்களில் இது ஒரு கலைச்சொல். முன்பு செய்த வினையின் பலன் கண்ணுக்குத் தெரியாமல் தங்கியிருந்து உரிய காலத்தில் வந்து பலிப்பதைக் குறிக்கும். அங்கே நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. தமிழ்ப் பேச்சில் நல்லது மட்டும் ‘அதிர்ஷ்டம்’ என்று தங்கிவிட, கெட்டதற்கு ‘துர்’ என்று ஒன்றைத் தனியாக முன்னொட்ட வேண்டியதாயிற்று. எப்படியிருந்தாலும் சொல்லின் கரு, காணாமை. செரன்டிபிட்டியின் கருவோ காண்பது. எல்லோர் கண்ணிலும் பட்டதை ஒருவர் மட்டும் கண்டுகொள்வது.

ஆங்கிலத்தில் நற்பேற்றுக்குச் சொல் பஞ்சமே கிடையாது. ‘லக்’ 15ஆம் நூற்றாண்டில் டச்சு, கீழ் ஜெர்மன் மொழிகளிலிருந்து வந்தது. சூதாட்டத்தோடு சேர்ந்து வந்ததாகச் சொல்வார்கள். ‘விண்ட்ஃபால்’ காற்றில் உதிர்ந்த பழம். ஏறிப் பறிக்க வேண்டாம், குனிந்து எடுத்தால் போதும். ‘ஃபுளூக்’ பில்லியர்ட்ஸ் மேசையில் பிறந்தது: ஒரு பந்தைக் குறிவைக்க வேறு பந்து குழியில் விழுவது. ‘கிஸ்மத்’ அரபியில் பங்கு என்று பொருள்படும் சொல்லிலிருந்து துருக்கி வழியாக வந்தது. (பழந்தமிழில் ‘பால்’ என்ற சொல்லுக்கும் பகுதி, ஊழ் என்று இரு பொருளும் உண்டு. தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் விதியைப் பங்கீடாகவே பார்த்திருக்கின்றன.) இவை எதிலும் பெறுகிறவருக்குச் செய்ய வேலையே இல்லை. வருவது வரும், வாங்கிக்கொள்ளலாம். இந்த வரிசையில் செரன்டிபிட்டி ஒன்றுதான் பெறுகிறவரிடமிருந்தும் எதையோ கேட்கிறது.

ஒரு கடிதமும் ஒரு ‘ஏறக்குறைய’வும்

ஒரு சொல் பிறந்த நாளைக் குறிப்பிட்டுச் சொல்ல முடிவது அபூர்வம். இதற்கு முடியும்: 1754 ஜனவரி 28. லண்டனிலிருந்த எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல், ஃப்ளாரன்ஸில் பிரிட்டிஷ் தூதராக இருந்த நண்பர் ஹொரேஸ் மானுக்கு அன்று ஒரு கடிதம் எழுதினார். பியாங்கா கப்பெல்லோ என்ற வெனிஸ் பெண்மணியின் ஓவியம் ஒன்றை மான் அவருக்கு அனுப்பியிருந்தார். அந்தக் குடும்பத்தின் மரபுச் சின்னத்தைப் பற்றி வெனிஸ் சின்னங்கள் அடங்கிய ஒரு பழைய நூலில் வால்போலுக்கு ஒரு விவரம் அகப்பட்டது. அந்த மகிழ்ச்சியில் எழுதும்போதுதான் தாம் உருவாக்கிய இந்தச் சொல்லை முதன்முதலாகப் பயன்படுத்துகிறார். செரன்டிப்பின் மூன்று இளவரசர்களைப் பற்றிய அசட்டுக் கதை ஒன்றைத் தாம் எப்போதோ படித்ததாகவும், அவர்கள் பயணம் போகும் வழியெல்லாம், தாங்கள் தேடிப்போகாத விஷயங்களைத் தற்செயலாலும் நுண்மதியாலும் கண்டுபிடித்துக்கொண்டே போனார்கள் என்றும் விளக்குகிறார்.

கவனிக்க வேண்டியவை மூன்று. தற்செயல் ஒன்று, நுண்மதி ஒன்று, தேடிப்போகாதது ஒன்று. மூன்றாவதில் வால்போல் கறாராகவே இருந்தார். தேடிக்கொண்டிருந்த பொருளையே கண்டுபிடித்தால் அது இந்தச் சொல்லில் அடங்காது என்று அதே கடிதத்தில் தனியாக எழுதிவைக்கிறார். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. சின்னத்தைப் பற்றிய தம் சொந்தக் கண்டுபிடிப்பை அவர் செரன்டிபிட்டி என்று சொல்லவில்லை. ‘ஏறக்குறைய அந்த வகை’ என்றுதான் சொல்கிறார். தமக்கு வேண்டியது எந்தப் புத்தகத்தில் கைவிட்டாலும் அகப்பட்டுவிடுகிறது என்று கொஞ்சம் முன்னால்தான் பெருமை பேசியிருந்தார். வேண்டியது அகப்படுவது வேறு, வேண்டாதது அகப்படுவது வேறு என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஆக, இந்தச் சொல்லின் முதல் பயன்பாடே முழுப் பொருத்தம் இல்லாதது என்று அதைப் படைத்தவரே ஒப்புக்கொண்ட ஒன்று. இன்று விளம்பரங்களில் இந்தச் சொல்லை அள்ளித் தெளிப்பவர்களுக்கு அந்த ‘ஏறக்குறைய’வில் கால் பங்கு கூச்சமாவது இருந்திருக்கலாம்.

அவர் காட்டும் உதாரணங்களும் அழகானவை. ஒன்று, கதையில் வருவது: வழியில் வலக்கண் குருடான ஒரு கோவேறு கழுதை போயிருக்கிறது என்று இளவரசர்களில் ஒருவர் கண்டுபிடிக்கிறார். இடப்பக்கத்துப் புல் வலப்பக்கத்துப் புல்லைவிட மோசமாக இருந்தும் அதுதான் மேயப்பட்டிருந்தது. (கதையில் இருப்பது ஒட்டகம். வால்போலின் நினைவில் அது கழுதையாகிவிட்டது.) இன்னொன்று அவர் நாட்டு அரசியலிலிருந்து: விருந்துக்குப் போன ஷாஃப்ட்ஸ்பரி பிரபு, சாப்பாட்டு மேசையில் ஒரு தாய் தன் சொந்த மகளுக்குக் காட்டிய மரியாதையைப் பார்த்தே, அந்தப் பெண்ணுக்கும் யார்க் கோமகனுக்கும் ரகசியத் திருமணம் நடந்துவிட்டதைக் கண்டுகொண்டாராம். மேசையில் இருந்த எல்லோரும்தான் அந்த மரியாதையைப் பார்த்திருப்பார்கள்.

கடிதம் அச்சேறியது 1833இல். அதுவரை இந்தச் சொல் இரண்டு நண்பர்களுக்கு இடையில் உறங்கிக்கொண்டிருந்தது. பிறகும் பல பத்தாண்டுகள் பழைய புத்தகப் பித்தர்கள் வட்டத்தில்தான் புழங்கியது. 20ஆம் நூற்றாண்டில் உடலியங்கியலாளர் வால்டர் கேனன், சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் போன்றவர்கள் கையில் எடுத்த பிறகே அறிவியல் பேச்சில் ஏறியது. மெர்ட்டன் இந்தச் சொல்லைச் சந்தித்ததே, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வேறெதையோ புரட்டிக்கொண்டிருந்தபோது. எலினோர் பார்பருடன் சேர்ந்து இந்த ஒரே சொல்லின் வரலாற்றை அவர் ஒரு முழுப் புத்தகமாக 1958இல் எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். 2002இல் இத்தாலியிலும் 2004இல் ஆங்கிலத்திலும்தான் அது வெளிவந்தது.

ஒட்டகம் போன வழி

செரன்டிப் என்பது அரபு, பாரசீகப் பயணிகள் இலங்கைக்கு வழங்கிய பெயரான சரந்தீப்தான். சிங்களத்வீபம் என்பதன் பாலி வடிவம் சீஹளதீப. அது மேற்கே போகப் போக ளகரம் ரகரமானது என்பதே மொழியியலாளர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம். கடைசி ‘தீப்’ நம் தீவேதான். ‘சேரன் தீவு’தான் செரன்டிப் ஆயிற்று என்று நம்மவர்கள் அவ்வப்போது மார்தட்டுவதுண்டு. ஒலி ஒப்புமையைத் தவிர அதற்குக் கையில் ஒன்றும் இல்லை. அதைவிட முக்கியமான ஒன்றை அந்தச் சண்டை மறைத்துவிடுகிறது: கதையில் நடக்கும் கண்டுபிடிப்புகள் எதுவும் அந்தத் தீவில் நடப்பதில்லை. பிள்ளைகள் உலகம் கற்கட்டும் என்று அரசர் அவர்களை வெளியே அனுப்பிவிடுகிறார். ஒட்டகச் சுவட்டை அவர்கள் பார்ப்பது பாரசீக மன்னர் பஹ்ராமின் நாட்டில்.

1557இல் வெனிஸில் இத்தாலிய மொழியில் அச்சான இந்தக் கதைக்கொத்துக்குக் கவிஞர் அமீர் குஸ்ரோ பாரசீகத்தில் பாடிய காவியம் முக்கியமான மூலம். அதாவது டெல்லியில் பாடப்பட்டது வெனிஸ் போய், பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து வால்போலை அடைந்தது. அதில் இளவரசர்கள் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை. ஆனால் அதற்கு ஒரு கண் இல்லை, ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி என்கிறார்கள். மென்று துப்பிய புல் ஒரு பல் அளவுக்குத் திரளாக வழியெல்லாம் கிடந்ததாம். ஒரு பக்கம் வெண்ணெய், மறுபக்கம் தேன் ஏற்றியிருந்தது என்கிறார்கள். பாதையின் ஒரு ஓரத்தில் எறும்பு, மறு ஓரத்தில் ஈ. ஒட்டகத்தைத் தொலைத்தவன் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவர்கள் திருடர்களாகத்தான் இருக்க முடியும் என்று மன்னரிடம் இழுத்துக்கொண்டு போகிறான்.

இதே கதை தமிழிலும் உண்டு. அளகாபுரி மன்னனும் நான்கு பேரும் என்று வழங்கும் நம் வடிவத்தில் விவரங்கள் வேறு. ஒட்டகம் நொண்டி, வலக்கண் குருடு, வால் குட்டை, போதாக்குறைக்கு வயிற்றுவலி. நொண்டி என்பதை மூன்று கால் தடம் சொல்கிறது. வலக்கண் இல்லை என்பதை இடப்பக்கம் மட்டுமே கடிக்கப்பட்ட இலைகள் சொல்கின்றன. வழியில் சொட்டுச் சொட்டாக ரத்தம். கடிக்கிற பூச்சிகளை விரட்ட முடியாத அளவுக்கு வால் குட்டை. முன்னங்கால் தடம் ஆழமாகவும் பின்னங்கால் தடம் பட்டும் படாமலும் இருந்ததால், வலியில் பின்னுடலை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. வயிற்றுவலியைக் காலடியில் படித்த அந்தக் கதைசொல்லிக்கு இளவரசர்கள் பக்கத்தில் ஓர் ஆசனம் போடலாம்.

இரண்டு வடிவத்திலும் ஒன்று பொது. அடையாளம் சொன்னவர்கள் யாரும் ஒட்டகத்தைத் தேடவில்லை. சொல்லும்போது அவர்கள் அதைப் பார்த்திருக்கவும் இல்லை. பார்த்தது புல், எறும்பு, ரத்தச் சொட்டு, தடம். அந்த வழியில் போன அத்தனை பேருக்கும் அவை கிடந்தன.

ஒரே தற்செயல், இரண்டு மேசைகள்

இந்தச் சொல்லை யாருக்காவது விளக்க வேண்டுமென்றால் நான் பெனிசிலினிலிருந்து தொடங்க மாட்டேன். எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் அதில் சிந்திக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. எக்ஸ் கதிரிலிருந்து தொடங்குவேன். காரணம், அந்தத் தற்செயல் ஒரு முறைக்கு மேல் வந்தது.

1890 பிப்ரவரி 22, ஃபிலடெல்ஃபியா. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆர்தர் குட்ஸ்பீடும் வில்லியம் ஜென்னிங்ஸ் என்ற புகைப்படக்காரரும் மின்பொறிகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் குட்ஸ்பீட் க்ரூக்ஸ் குழாய்களை (காற்றைப் பெரும்பாலும் நீக்கி மின்சாரம் பாய்ச்சும் கண்ணாடிக் குழாய்கள்) இயக்கிக் காட்டினார். மேசையில் பயன்படுத்தாத புகைப்படத் தகடுகள் கிடந்தன. அவற்றின் மேல் இரண்டு காசுகள். தகடுகளைக் கழுவியபோது ஒன்றில் இரண்டு வட்ட நிழல்கள் விழுந்திருந்தன. ஒளி படாத தகட்டில் நிழல் எப்படி விழும்? இருவருக்கும் புரியவில்லை. கெட்டுப்போன தகடுகளோடு அதையும் சேர்த்து வைத்துவிட்டார்கள்.

1895 நவம்பர் 8, ஜெர்மனியின் வுர்ஸ்பர்க். வில்லெம் ரான்ட்கன் அதே வகைக் குழாயைக் கருப்பு அட்டையால் முழுக்க மூடி, இருட்டறையில் மின்சாரத்தைப் பாய்ச்சினார். கொஞ்ச தூரத்தில் பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய ஒரு திரை மினுங்கியது. அவர் ஆராய்ந்துகொண்டிருந்த எதிர்மின்வாய்க் கதிர்களால் காற்றில் அவ்வளவு தூரம் வர முடியாது. சில சென்டிமீட்டரிலேயே அடங்கிவிடும். அப்படியானால் இது என்ன? அடுத்த ஏழு வாரம் ஆய்வகமே கதியென்று கிடந்தார். புத்தகத்தை வைத்தார், மரத்தை வைத்தார், அலுமினியத்தை வைத்தார், ஈயத்தை வைத்தார். எது எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்தார். காந்தத்தால் வளைக்க முடியுமா என்று பார்த்தார். டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைத் தகட்டின் மேல் வைக்கச் சொன்னார்; விரலெலும்புகளும் மோதிரமும் விழுந்தன. டிசம்பர் 28இல் கட்டுரையைக் கொடுத்தார். 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குப் போனது.

செய்தி வந்ததும் குட்ஸ்பீட் பழைய தகட்டைத் தேடி எடுத்தார். அன்று இருந்ததுபோலவே குழாய், தகடு, காசு எல்லாவற்றையும் வைத்துச் செய்து பார்த்தார். அதே நிழல். கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகளாக உலகின் முதல் எக்ஸ் கதிர்ப் படங்களில் ஒன்று பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. இதற்காகத் தங்களுக்கு எந்தப் பெருமையும் கிடையாது, கண்டுபிடிப்பு என்று எதுவும் நடக்கவில்லையே என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். நான் மதிக்கும் அறிவியல் வாக்குமூலங்களில் அது முதல் வரிசை.

தற்செயல் இருவருக்கும் வந்தது. இன்னும் சொல்லப்போனால், கையில் படமாகவே வந்து விழுந்த குட்ஸ்பீடுக்குத்தான் அதிர்ஷ்டம் கூடுதல். ரான்ட்கனுக்கு வந்தது ஒரு மினுங்கல் மட்டும். ஆனால் செரன்டிபிட்டி ஒருவருக்குத்தான். தமிழில் இதைச் சொல்ல ஒரு வரி போதும்: குட்ஸ்பீட் கண்டார், கண்டுகொள்ளவில்லை. ‘கண்டுகொள்’ என்ற வினையில் நாம் ஏற்கெனவே இந்த வேறுபாட்டை வைத்திருக்கிறோம். எதிரில் வருகிறவரைப் பார்த்தும் பேசாமல் போனால் ‘கண்டுகொள்ளாமல் போய்விட்டார்’ என்கிறோம். அவர் கண்ணில் நாம் படவில்லை என்று அதற்குப் பொருளல்ல. 1854இல் லீல் நகர உரையில், கவனித்து ஆராயும் துறைகளில் தற்செயல் ஆயத்தமான மனங்களுக்கு மட்டுமே துணை செய்கிறது என்று பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் சொன்னதும் இந்த இடத்தைத்தான்.

பழமொழிகளில் நிறுத்துப் பார்த்தால்

வால்போல் சொன்ன தற்செயல், நுண்மதி, தேடிப்போகாமை என்ற மூன்று அங்கங்களையும் வைத்துக்கொண்டு நம் பழமொழிகளை அளந்து பார்த்தால் எது எங்கே தவறுகிறது என்று சட்டென்று தெரிந்துவிடும்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுவது வெறும் தற்செயல். காக்கைக்கு அதில் பங்கும் இல்லை, பலனும் இல்லை. ஆங்கிலத்தில் இது ‘கோ இன்சிடென்ஸ்’. பழைய தோழியை ரயிலில் சந்தித்ததைச் செரன்டிபிட்டி என்று எழுதுகிறவர்கள் இந்தப் பனம்பழத்தைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள்.

கூரையைப் பிய்த்துக்கொண்டு தெய்வம் கொடுப்பது விண்ட்ஃபால். நல்லது உண்டு, எதிர்பாராமையும் உண்டு; வாங்கிக்கொள்கிறவரின் மதிக்கு வேலை இல்லை.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததும், தேடிப்போன மருந்து காலில் அகப்பட்டதும் கொஞ்சம் சிக்கலானவை. வந்த விதம் தற்செயல், வந்த பொருளோ தேடியதேதான். சார்லஸ் குட்இயர் இந்த வகை. ரப்பர் வெயிலில் உருகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்க வழி தேடிப் பல ஆண்டுகள் பிழைப்பையே அழித்துக்கொண்டார். 1839இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பில் பட்டு, உருகுவதற்குப் பதில் தோல்போல் இறுகியது. அவர் தேடியது அதைத்தான். வால்போல் விதித்த நிபந்தனைப்படி இது சேராது. வேதியியலாளர் ராய்ஸ்டன் ராபர்ட்ஸ் 1989இல் இதற்குப் ‘போலி செரன்டிபிட்டி’ என்று ஒரு தனிப்பெயரே வைத்தார். ‘போலி’ என்பது எனக்குக் கடுமையாகப் படுகிறது. குட்இயர் பட்ட பாட்டுக்குக் ‘குறுக்கே வந்த தெய்வம்’ என்பதே மரியாதை.

வில்லியம் பெர்கின் கதை இதற்கு நேர் மாறு. 1856இல், 18 வயதில், கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்ததோ கருப்பு மசி. குடுவையைச் சாராயத்தால் கழுவியபோது ஊதா நிறம் பரவியது. கொய்னாவைத் தேடியவர் சாயத்தைக் கண்டுகொண்டார், பட்டில் தோய்த்துப் பார்த்தார், சாயத் தொழில் நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பினார், அதே ஆண்டு காப்புரிமையும் வாங்கினார். மூன்று அங்கமும் குறைவறப் பொருந்துகிறது. சாக்கரினைக் கண்டுபிடித்த ஃபால்பெர்க் (1879) கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தது தற்செயல்; ரொட்டி இனிக்கிறதே என்று ஆய்வகத்துக்குத் திரும்பி ஓடி ஒவ்வொரு பாத்திரமாகச் சுவைத்துப் பார்த்ததுதான் நுண்மதி. யாரும் இன்று பின்பற்ற வேண்டாம்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததும்? தேடியது ஒன்று, வந்தது ஒன்று என்ற வடிவம் அப்படியே இருக்கிறது. பலன்தான் தலைகீழ். நம் பழமொழிகள் இந்தத் திசையில் எத்தனை, பெர்கின் திசையில் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் நம் பாட்டிமார்களின் மனநிலை கொஞ்சம் விளங்கும். செரன்டிபிட்டிக்கு எதிர்ச்சொல் வேண்டும் என்று வில்லியம் பாய்ட் தம் 1998ஆம் ஆண்டு நாவலில் ‘ஸெம்ப்ளானிட்டி’ என்று ஒன்றைச் செய்தார். வெப்பத் தீவான செரன்டிப்புக்கு எதிராக உறைபனித் தீவான ஸெம்ப்ளா. கெட்டதை, எதிர்பார்த்தே, தானே வகுத்துக்கொண்டு போய் அடைவது அதன் பொருள். இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் திணற வேண்டியதே இல்லை: சொந்தக் காசில் சூனியம்.

ஓர் ஓரவழக்கும் உண்டு. 1964இல் ஆர்னோ பென்ஸியாஸும் ராபர்ட் வில்சனும் நியூஜெர்சியில் ஒரு கொம்பு வடிவ ஆன்டெனாவில், எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத ஓர் இரைச்சலோடு மல்லுக்கட்டினார்கள். அளவு, வெப்பநிலையாகச் சொன்னால், சுமார் 3.5 கெல்வின். உள்ளே கூடு கட்டிய புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைச் சுரண்டிக் கழுவினார்கள், இரைச்சல் மசியவில்லை. பிரபஞ்சத்தின் தொடக்க வெப்பத்தின் எச்சம் அது என்று சொன்னவர்கள் பக்கத்திலேயே பிரின்ஸ்டனில் இருந்த ராபர்ட் டிக்கியின் குழுவினர். அவர்கள் அதைத் தேடுவதற்கென்றே கருவி செய்துகொண்டிருந்தவர்கள். ஒரு தரப்பு தேடாமல் கண்டது, மறு தரப்பு காணாமலே அறிந்திருந்தது. 1978இல் நோபல் பரிசு கண்டவர்களுக்குப் போனது. நுண்மதி ஒரே மண்டைக்குள் இருந்தாக வேண்டும் என்று வால்போல் எங்கும் சொல்லவில்லை என்பதால் இதையும் நான் உள்ளே சேர்ப்பேன். என்றாலும், போகாத இரைச்சலைக் ‘கருவிக் கோளாறு’ என்று எழுதி மூடாமல் விட்டதே பாதி நுண்மதி.

எழுதும்போது தடுக்குகிற இடங்கள்

வால்போலுக்கு இது ஒரு மனிதரின் திறமை; இளவரசர்களிடம் இருந்தது. இன்றைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் நிகழ்வின் தன்மை. அதனால் பழைய கட்டுரை ஒன்றில் ‘அவருடைய செரன்டிபிட்டி’ என்று வந்தால் ‘அவருக்கு அடித்த யோகம்’ என்று பெயர்த்துவிடக் கூடாது. ‘அவருடைய கண்டுகொள்ளும் திறன்’ என்பதே அங்கே பொருள். புதிய கட்டுரையில் வந்தால் நிகழ்வாகக் கொள்ளலாம். ‘குட் லக்’ என்று ஒருவரை வாழ்த்தலாம். இதைச் சொல்லி யாரையும் வாழ்த்த முடியாது. பரீட்சைக்குப் போகிற பிள்ளை படிக்காத ஒன்றைக் கண்டுகொண்டு என்ன செய்யும்? பெரும்பாலும் நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்லும் சொல் இது. ‘நாளைக்கு ஒரு செரன்டிபிட்டி ஏற்பாடு செய்வோம்’ என்று கூட்ட அழைப்பிதழ்களில் வருவது, தற்செயலாகச் சந்திக்க நேரம் குறிப்பதைப் போன்றது. உச்சரிப்பில் அழுத்தம் ‘டிப்’ என்ற அசையில். உரிச்சொல்லான ‘செரன்டிபிட்டஸ்’ என்பதிலும் அழுத்தம் அதே இடத்தில்தான்.

எதைப் பார்க்கலாம், எதை வாங்கலாம் என்று பயனருக்குச் சொல்லும் கணினிப் பரிந்துரைத் துறையில் இது இப்போது ஓர் அளவுகோல். அங்கே புதியது, வேறுபட்டது, செரன்டிபிட்டி மூன்றும் வெவ்வேறு. பயனருக்குத் தெரியாத எதைக் காட்டினாலும் புதியது. பட்டியலில் உள்ளவை ஒன்றுக்கொன்று ஒத்திராவிட்டால் வேறுபாடு. செரன்டிபிட்டி என்று எண்ணப்பட, அவர் எதிர்பார்த்திராததாகவும் இருக்க வேண்டும், அவருக்குப் பிடித்ததாகவோ பயன்படுவதாகவோவும் இருக்க வேண்டும். இரண்டாவதை மறந்துவிட்டுக் குலுக்கல் முறையில் எதையாவது தள்ளினால் எதிர்பாராமை எண் ஏறும், பயனர் இறங்கிவிடுவார். இந்தத் துறைப் பயன்பாட்டில் நுண்மதி இயந்திரத்தின் பக்கம் போய்விட்டது. மனிதருக்கு மிஞ்சியது சொடுக்குவது மட்டும். சொல் அப்படி நகரும். ஆனாலும் அந்தக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ‘அதிர்ஷ்ட அளவுகோல்’ என்று எழுதாமல் இருக்கலாம்.

இனி, அதிகம் அடிபடுகிற அந்த ஒரு வாக்கியம்: ‘பெனிசிலின் ஒரு செரன்டிபிட்டஸ் கண்டுபிடிப்பு.’ இதை ‘பெனிசிலின் அதிர்ஷ்டவசமாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று எழுதுவது வழக்கம். தமிழில் ‘அதிர்ஷ்டவசமாக’ என்பது நிகழ்வைக் கண்டு சொல்பவர் விடும் பெருமூச்சு. ‘அதிர்ஷ்டவசமாக உயிர் தப்பினார்’ என்கிற மாதிரி. வாசகர் அதை, ‘நல்லவேளை, கண்டுபிடித்துவிட்டார்கள்’ என்றுதான் படிப்பார். ‘தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்றால் பெருமூச்சு போய்விடும், கூடவே ஃபிளெமிங்கும் போய்விடுவார். விடுமுறை முடிந்து 1928 செப்டம்பர் 3 அன்று அவர் திரும்பியபோது பழைய தட்டு ஒன்றில் பூசணம் விழுந்து, அதைச் சுற்றி ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவின் திட்டுகள் கரைந்திருந்தன. தட்டில் பூசணம் விழுவது ஆய்வகங்களில் அன்றாடத் தொல்லை, யாரும் தூக்கிப்போட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பே, பாக்டீரியாவைக் கரைக்கும் லைசோசைமைக் கண்ணீரிலும் சளியிலும் கண்டுபிடித்திருந்தவர் அவர். தெளிந்த வளையம் என்றால் ஏதோ கரைக்கிறது என்று அந்தக் கண்ணுக்குப் பழக்கம் இருந்தது.

ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குத் தமிழில் ஒரு பெயர்ச்சொல்லைத்தான் வைக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டால் வேலை சுலபம். நான் இப்படி எழுதுவேன்: ‘பெனிசிலின், தேடாத இடத்தில் ஃபிளெமிங் கண்டுகொண்டது.’ தலைப்பில் ஒற்றைச் சொல்லே வேண்டும் என்று கேட்டால் ‘செரன்டிபிட்டி’ என்று தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடுவேன். வால்போலின் மொழிக்கும் அது வெளியூரிலிருந்து வந்ததுதான்.